ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள பெரியவர்களுக்கு: இதயத் துடிப்பைப் பயிற்சியால் அடக்குவது எப்படி

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோய், இனி ஏ.எஃப்.) உள்ளவர் எவ்வளவு வேகமாக நடக்கலாம் என்பதை மூச்சுதான் சொல்ல வேண்டும், வாட்ச் அல்ல. துடிப்பு எண்ணுக்கு இரண்டு வேலைதான்: அன்றைக்கு எல்லை தாண்டுகிறதா என்று காட்டுவது, மாதக்கணக்கில் இறங்கி வருகிறதா என்று காட்டுவது. இதை மாற்றிப் பிடிப்பதால்தான் பலர் பயந்து நடையையே விட்டுவிடுகிறார்கள், அல்லது தேவைக்கு மேல் உடம்பை வருத்திக்கொள்கிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஏ.எஃப்.பில் இதயத்தின் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான மின்தூண்டல்கள் ஓடுகின்றன. அத்தனையும் கீழறைக்குப் போனால் ஆள் பிழைக்க முடியாது. நடுவில் இருக்கும் ஏவி நோட் பெரும்பாலானவற்றைத் தடுத்து, சிலவற்றை மட்டும் விடுகிறது. ஓய்வில் இருக்கும்போது, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு அந்த வாசலை இறுக்கிப் பிடித்திருக்கும். எழுந்து நடந்ததும் அது பிடியைத் தளர்த்துகிறது. சாதாரண இதயத்தில் துடிப்பு உழைப்புக்குத் தக்கபடி படிப்படியாக ஏறும். ஏ.எஃப்.பில் முதல் ஓரிரு நிமிடத்திலேயே குபீரென்று ஏறிவிடும். இருபது படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான்.

வேகம் கூடினால் என்ன கெடுதல்? மேலறை ஒழுங்காகச் சுருங்கும்போது கடைசியாக ஒரு தள்ளு தள்ளிக் கீழறையை நிரப்பும். அந்த நிரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தள்ளலில் வருவது. ஏ.எஃப்.பில் அது கிடையாது. எனவே கீழறை தானாக நிரம்ப நேரம் வேண்டும். 140, 150 என்று ஓடினால் அந்த நேரம் கிடைக்காது. இதயம் அடிக்கடி அடிக்கும், ஆனால் ஒவ்வோர் அடியிலும் வெளியே போகும் ரத்தம் குறையும். மூச்சிரைப்பும் கால் சோர்வும் அங்கிருந்து வருகின்றன. ஓய்விலேயே வேகமான துடிப்பு வாரக்கணக்கில் நீடித்தால் இதயத் தசையே பலவீனமாகிவிடலாம்.

மிதமான பயிற்சியை விடாமல் செய்தால் வேகஸ் நரம்பின் பிடி வலுக்கிறது. கால் தசைகளும் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனை நன்றாக உறிஞ்சக் கற்றுக்கொள்கின்றன. அதே தூரத்தை நடக்க இதயம் முன்பு போல விரட்ட வேண்டியதில்லை. நிரந்தர ஏ.எஃப். உள்ளவர்களை இரண்டு முதல் நான்கு மாதம் பயிற்சி செய்யவைத்த சிறு ஆய்வுகளில் ஓய்வுத் துடிப்பும், அதே உழைப்பின்போது வரும் துடிப்பும் இறங்கின, நடக்கும் திறன் கூடியது. விட்டுவிட்டு வரும் ஏ.எஃப்.பில் வேறொரு பலனும் உண்டு. 2016ல் வெளியான நார்வே ஆய்வில், 12 வாரப் பயிற்சிக்குப் பிறகு ஏ.எஃப்.பில் கழிந்த நேரம் சராசரியாக 8.1 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தது. இதெல்லாம் மாத்திரையோடு சேர்ந்து கிடைக்கும் பலன். மாத்திரைக்குப் பதில் அல்ல.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"நான் நடக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "நடங்கள்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது என் துடிப்பு எதற்குக் கீழே இருக்க வேண்டும்? நடக்கும்போது எதைத் தாண்டக் கூடாது? எவ்வளவு இறங்கினால் உங்களுக்குச் சொல்ல வேண்டும்?

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள்: 2002ல் வந்த அஃபர்ம் ஆய்வில் ஓய்வில் 80, ஆறு நிமிட நடையில் 110 என்பது எல்லை. 2010ல் வந்த ரேஸ் 2 ஆய்வு, ஓய்வில் 110க்குக் கீழே இருந்தாலே போதும் என்ற தளர்வான கட்டுப்பாடும் கடுமையான கட்டுப்பாட்டுக்குக் குறைந்ததில்லை என்று காட்டியது. அதனால்தான் ஒரே நோய்க்கு ஒருவர் 80 என்கிறார், இன்னொருவர் 110 என்கிறார். இதயம் பலவீனமாக இருந்தால், தொந்தரவு அதிகமாக இருந்தால் எல்லையை இறுக்குவார்கள். உங்கள் எண் உங்களுக்கு மட்டும்.

ஹோல்டர் கருவி (நாள் முழுக்க உடம்போடு இருந்து துடிப்பைப் பதியும் சிறிய ஈசிஜி) மாட்டினால், அந்த 24 மணி நேரம் பத்திரமாகப் படுத்திருக்காதீர்கள். வழக்கமாக நடக்கும் நடையை அன்றும் நடந்து, எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எப்போது முடித்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். ஓய்வெடுத்த நாளின் பதிவில் நடையின்போது வரும் துடிப்பு இருக்காது.

துடிப்பை எண்ணுவது

ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஒரு கையை உள்ளங்கை மேலே பார்க்கத் தொடைமேல் வையுங்கள். மற்ற கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைக் கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு மடிப்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, எலும்புக்கும் நரம்பு போலத் தட்டுப்படும் தசைநாணுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் வையுங்கள். கட்டைவிரலால் பிடிக்க வேண்டாம், அதன் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். அழுத்தவும் வேண்டாம், ஏ.எஃப்.பில் சில துடிப்புகள் நூல் போல மெல்லியதாக வரும், அழுத்தினால் அவை தொலைந்துபோகும். முழு 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும் வழக்கம் இங்கே ஒத்துவராது. ஒரு கால் நிமிடத்தில் 18, அடுத்ததில் 25 என்று வருவது சகஜம். பெருக்கினால் ஒருமுறை 72, இன்னொருமுறை 100!

நடந்து நின்றதும் எண்ணுவது மட்டும் விதிவிலக்கு. அப்போது துடிப்பு வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கலாம்.

இன்னொரு சிக்கல். இரண்டு துடிப்புகள் மிக நெருங்கி வந்தால், இரண்டாவது துடிப்பில் இதயத்தில் போதிய ரத்தம் இருக்காது. நெஞ்சில் 'லப்' கேட்கும், மணிக்கட்டுக்கு அலை வந்து சேராது. கையில் 88 எண்ணும்போது நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் 104 கேட்கலாம். துடிப்பு ஏற ஏற இந்த இடைவெளியும் ஏறும். எனவே மணிக்கட்டில் கிடைக்கும் எண்ணைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், உண்மை அதற்குச் சமமாகவோ மேலாகவோதான் இருக்கும். அடுத்த முறை மருத்துவமனை போகும்போது ஒருவர் நெஞ்சிலும் ஒருவர் கையிலும் ஒரே நேரத்தில் எண்ணச் சொல்லி, உங்கள் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வாட்சுக்கும் இதே கதிதான். அது தோலுக்கடியில் ஓடும் ரத்த அலையை வெளிச்சத்தால் பார்க்கிறது. வராத அலையை அதனால் எண்ண முடியாது. போதாக்குறைக்கு, கை வீசி நடக்கும்போது சில வாட்ச்கள் துடிப்பைக் கோட்டைவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். நடை முழுக்க 108, 108 என்று ஆணி அடித்தது போல நின்றால் சந்தேகப்படுங்கள், ஏ.எஃப். இதயம் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. மார்பில் கட்டும் பட்டை மின்சைகையைப் படிப்பதால் நம்பகம் அதிகம். அதிலும் நொடிக்கு நொடி துள்ளும் எண்ணைப் பார்க்காமல் நடை முழுவதுக்குமான சராசரியைப் பாருங்கள்.

அதிகபட்சத் துடிப்பைக் கணிக்க 220லிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தை மறந்துவிடுங்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பைக் கீழே இழுக்கிறது, ஏ.எஃப். மேலே தள்ளுகிறது. அந்தச் சூத்திரத்துக்கு இரண்டும் தெரியாது.

ரத்த அழுத்தக் கருவியும் ஒரே அளவில் உண்மை சொல்லாது. ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள்.

மூச்சை அளவுகோலாக்குவது

நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்காமல் முடிக்க முடிகிறது, ஆனால் பாட முடியாது என்றால் அதுதான் சரியான வேகம். பாட்டே வருகிறது என்றால் கொஞ்சம் எட்டிப் போடலாம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், வாட்ச் 85 காட்டினாலும் சரி.

எழுதி வைக்க ஓர் எண் வேண்டுமென்றால் போர்க் அளவுகோல் உண்டு. சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கியது. 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்குமேல் முடியாது. 11 லேசானது, 13 கொஞ்சம் கடினம். முதல் மாதம் 11-12, பிறகு 12-13. இந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் துடிப்பு வரும் என்று சொல்வார்கள். அது ஆரோக்கியமான இதயத்துக்குப் போட்ட கணக்கு, நமக்குப் பொருந்தாது.

ஒரு நாள் நடை

பீட்டா பிளாக்கர் அல்லது அதேபோலத் துடிப்பைக் குறைக்கும் டில்டியாசெம் சாப்பிடுபவர்கள் மாத்திரை போடுவதற்கு முன், விடிந்ததும் விடியாததுமாக நடக்கப் போகாதீர்கள். முந்தைய வேளை மருந்தின் வீரியம் வடிந்திருக்கும் நேரம் அது. மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள். தினமும் ஒரே நேரத்தில் போனால்தான் எண்களை ஒப்பிட முடியும். வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

புறப்படுமுன் எண்ணுங்கள். உட்கார்ந்த நிலையில் 110க்கு மேல் இருந்தால் அரை மணி கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்று நடை வேண்டாம். இரண்டாம் நாளும் தொடர்ந்தால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 180ஐத் தாண்டுவது, புதிதாக நெஞ்சுவலி, இவற்றில் எது இருந்தாலும் அன்று விடுமுறை.

முதல் 10 நிமிடம் மிக மெதுவாக நடக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள், பெரும்பாலான தொந்தரவும் அதனால்தான் வருகிறது. மேலே சொன்ன அந்தக் குபீர் ஏற்றத்தை மழுங்கடிப்பது இதுதான். ரொம்பப் படபடக்கிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூன்று நிமிடம் கால்களை மாறி மாறித் தூக்கி இறக்கிவிட்டு எழுந்தால் இன்னும் நல்லது.

பிறகு முக்கிய நடை, பேச்சுச் சோதனையின்படி. கடைசி 10 நிமிடம் மறுபடி மெதுவாக. சட்டென்று நின்றால் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறாமல் அழுத்தம் சரிந்து தலைசுற்றும். விட்டுவிட்டு ஏ.எஃப். வருபவர்களுக்கு உடம்பு திடீரென்று அடங்கும் அந்த நேரத்திலேயே புதிதாகப் படபடப்பு கிளம்பவும் கூடும்.

பன்னிரண்டு வாரம்

முக்கிய நடையின் நேரம் மட்டும் கீழே. முன்னும் பின்னும் உள்ள பத்துப் பத்து நிமிடம் தனி.

1-2 வாரம்: 10 நிமிடம், வாரத்தில் 5 நாள். முடியாவிட்டால் காலை 5, மாலை 5.
3-4 வாரம்: 15 நிமிடம்.
5-8 வாரம்: 20லிருந்து 25 நிமிடம்.
9-12 வாரம்: 30 நிமிடம். ஐந்து நாளுக்கு 150 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான்.

முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு வேகத்தை, மேட்டையும் படிக்கட்டையும் கடைசியில். ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்ட வேண்டாம். அடுத்த படிக்குப் போகலாமா என்பதற்கு இரண்டு சோதனை: நடை முடிந்து பத்து நிமிடத்தில் துடிப்பு புறப்பட்ட எண்ணுக்கு அருகில் வந்துவிட வேண்டும், மறுநாள் காலை அசதி இருக்கக் கூடாது. இல்லையென்றால் இன்னொரு வாரம் அங்கேயே இருங்கள். பன்னிரண்டு வாரம் பதினெட்டானாலும் குடி முழுகிவிடாது.

தொடர்ச்சியாக நடக்க மூச்சு இடம் கொடுக்காவிட்டால் இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஆமைநடை என்று மாற்றி மாற்றிப் போங்கள். நடுவில் நிற்பதைவிட இது மேல். காய்ச்சலோ சளியோ வந்து ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்தில் தொடங்காமல் பாதி நேரத்தில் தொடங்குங்கள்.

இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாகச் செய்தால் இன்னும் நல்லதா? இந்த நோயில் அந்தக் கணக்கு எடுபடாது. பல ஆண்டுகள் கடும் நீண்டதூரப் பந்தயம் ஓடியவர்களுக்கும் பனிச்சறுக்கியவர்களுக்கும் ஏ.எஃப். அதிகம் வருகிறது. மாறாக, 65 வயதைத் தாண்டிய 5,446 பேரைப் பற்றி 2008ல் வெளியான அமெரிக்க ஆய்வில் மிதமாக நடந்தவர்களுக்கு ஏ.எஃப். வருவது குறைந்தது, கடும் பயிற்சி செய்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை.

தசைக்கும் சமநிலைக்கும்

வாரம் இரண்டு நாள், அடுத்தடுத்த நாள் இல்லாமல். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, ரப்பர் பட்டையை மார்புக்கு இழுப்பது. ஒவ்வொன்றும் 8 முறை தொடங்கி 15 வரை. நடுவில் ஒரு நிமிட ஓய்வு. மூச்சை அடக்கி முக்குவதுதான் இங்கே ஆபத்து, அழுத்தம் எகிறிப் பின் சரியும். "மூச்சை அடக்காதே" என்று மனதில் நினைத்தால் மறந்துவிடும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யுங்கள், எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது.

சமநிலைப் பயிற்சியை விளையாட்டாக விட்டுவிட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அபிக்ஸபானோ ரிவராக்ஸபானோ சாப்பிடுபவர் விழுந்தால் அடி சாதாரண அடி அல்ல. வாரம் மூன்று நாள், சுவர் கைக்கு எட்டும் இடத்தில், ஒரு குதிகாலின் முன் மறு காலை ஒட்டிவைத்து 10 முதல் 30 நொடி நில்லுங்கள். அது பழகியதும் ஒற்றைக் காலில். தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், உள்ளே ரத்தம் மெதுவாகக் கசியலாம். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது பக்கவாதத்தை வரவழைக்கும் வேலை.

நடுவழியில் படபடப்பு வந்தால்

விட்டுவிட்டு வரும் ஏ.எஃப். நடையின்போது கிளம்பினால் மெதுவாக்கி, ஓரிரு நிமிடம் நகர்ந்து, உட்காருங்கள். மணியைப் பாருங்கள், துடிப்பை எண்ணுங்கள். வழக்கமாக வருவது போலவே இருக்கிறது, பத்து நிமிடத்தில் எல்லைக்குள் இறங்குகிறது என்றால் மெதுவாக வீடு திரும்பலாம். அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. மருத்துவர் சொல்லாத கூடுதல் மாத்திரை எதையும் போட வேண்டாம்.

நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், மயக்கம், பத்து நிமிடம் உட்கார்ந்தும் அடங்காத மூச்சிரைப்பு, எல்லைக்கு மேலேயே நிற்கும் துடிப்பு, இவற்றுக்கு ஆம்புலன்ஸ். வாய் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சு குழறுவது, இவற்றுக்கு ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ், தொடங்கிய நேரத்தையும் குறித்துச் சொல்லுங்கள். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடி, காலும் வீங்கினால் உடம்பில் நீர் சேர்கிறது, நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருந்துகள் பயிற்சியோடு மோதும் இடங்கள்

துடிப்பைக் குறைக்கத் தரும் டிகாக்ஸின் வேகஸ் நரம்பின் வழியாக வேலை செய்வது. நடக்கும்போது அந்தப் பிடி தளர்வதால் ஓய்வில் அருமையாக அடக்கும், நடையில் கைவிட்டுவிடும். பீட்டா பிளாக்கர் நடையிலும் அடக்கும், ஆனால் அளவு கூடினால் நடந்தாலும் துடிப்பு 60க்கு மேல் ஏறாமல் கால் இரும்பாய்க் கனக்கும். நீரிழிவு இருந்தால் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் அது மறைத்துவிடும். தாளத்தைச் சீராக்கும் ஃப்ளெகெய்னைடு, புரோபஃபெனோன் மாத்திரையைப் படபடப்பு வரும்போது மட்டும் போடுபவர்கள் அதன்பின் இரண்டு நாள் கடும் உழைப்பைத் தவிர்க்க வேண்டும். அந்த மருந்து தாறுமாறான தூண்டலை மெதுவான, சீரான தூண்டலாக மாற்றி, அது ஒன்றுவிடாமல் கீழறைக்குப் பாய்ந்து துடிப்பு 200ஐ எட்டும் வாய்ப்பு உண்டு. நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் வெயிலில் நடந்தால் நீரும் பொட்டாசியமும் குறைந்து படபடப்பு கூடும், நிழல் நேரம் பாருங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: பல பேஸ்மேக்கர்கள் உடம்பின் அசைவை உணர்ந்துதான் துடிப்பைக் கூட்டுகின்றன. நிலையான சைக்கிளில் கால் மட்டும் சுற்றும், மார்பு அசையாது, எனவே துடிப்பு ஏறாமல் சீக்கிரம் களைத்துவிடுவீர்கள். அவர்களுக்குச் சைக்கிளைவிடக் கை வீசி நடப்பது ஒத்துப்போகும்.

எழுதி வைப்பது

ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். இப்படி: "செவ்வாய். உட்கார்ந்து 84. 20 நிமிடம், சமதரை. உழைப்பு 12, பேச முடிந்தது. நின்றதும் 118. இரண்டு நிமிடம் கழித்து 98. பத்து நிமிடம் கழித்து 86." ஒருநாள் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே பாதை, அதே நேரம் எடுத்துக்கொண்ட நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள். முதலில் மாறுவது பெரும்பாலும் நின்றபின் இறங்கும் வேகம். ஓய்வுத் துடிப்பு பின்னால்தான் இறங்கும்.

அடுத்த பரிசோதனைக்கு இந்த நோட்டையே கொண்டுபோங்கள். ஓய்வில் 78, நின்றதும் 150 என்று வாரக்கணக்கில் வந்தால் மருந்து நடைக்குப் போதவில்லை என்று மருத்துவருக்கு ஒரு பார்வையில் தெரியும். ஓய்வில் 48, நடந்தாலும் 62, கூடவே தலைசுற்றல் என்றால் மருந்து அதிகம். ஈசிஜி எடுப்பது நீங்கள் படுத்திருக்கும்போது. நடக்கும்போது என்ன ஆனது என்பது இந்த வரிகளில்தான் இருக்கிறது.